ஆல்ட்ரினோவின் சீட் கம்பி

மர்பி டவுன், பெங்களூரு
10 பிப்ரவரி 2025, திங்கள்

சம்பந்தி ஜெயராமன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. நடுவில் கோபம் வந்து நீங்கள் மடித்து வைத்துவிட்டாலும் நான்காவதை மட்டுமாவது படிக்க வேண்டும் என்பதால், பட்டியலை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

1. போன் இருக்கும்போது ஏன் கடிதம்.
2. ஆல்ட்ரினோ சைக்கிள் வைத்திருக்கும் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்.
3. அன்று உங்கள் சீட் இறங்கியது உங்கள் குற்றமுமல்ல, என் குற்றமுமல்ல, கம்பெனியின் குற்றம் என்பது.
4. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் தயவுசெய்து செய்ய வேண்டியது.

முதலாவது. மூன்று வாரத்தில் பதினொரு முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். தங்கவயலில் நீங்கள் ஒர்க்‌ஷாப் ஃபிட்டராகவும் நான் சர்வே ஆபீசில் படம் வரைகிறவனாகவும் இருந்த காலத்திலேயே, உங்கள் குரல் கேட்டால் நான் வேறு வழியாகப் போய்விடுவேன். என் மகள் உங்கள் வீட்டுக்கே மருமகளாக வருவாள் என்று அப்போது யார் கண்டது? யாமினிக்கு இது எட்டாவது மாதம். அவளிடம் இதைச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை கிஷோர் புனேயிலிருந்து வெள்ளி இரவுதான் வருகிறார். அவரிடம் சொன்னால் உங்களைத் தாண்டிப் பேசியதாகிவிடும். ஆகவே, யாமினிக்கு அவள் அம்மா கோமளம் கொண்டுவரும் சாப்பாட்டுப் பையில் இதை வைத்து அனுப்புகிறேன்.

இரண்டாவது. யாமினியின் ஆபீஸ் நண்பர் அபினவ் வெளிநாடு கிளம்பும்போது தன்னிடமிருந்த இரண்டு ஆல்ட்ரினோக்களையும் நமக்குக் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் அந்தப் பெயரை நாமும் கேட்டதில்லை, கடைக்காரர்களும் கேட்டதில்லை. முதல் சர்வீசுக்குக் கொண்டுபோனபோது ஒருவர் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் விழுந்த பிறகு, இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பதினான்கு பேரைத் தேடிப் பிடித்து ஐந்து கேள்விகள் அனுப்பினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். சென்னை டாக்டர் ஒருவருக்குப் பின் கியரைத் தாங்கும் சின்னத் துண்டு ஒடிந்து, மாற்றுத் துண்டு வரப் பதினொரு வாரம் ஆனதாம். கோவைக்காரர் பெயின்ட் உதிர்கிறது என்கிறார். மைசூரில் வங்கி வேலையில் இருக்கும் அம்மாள், சிக்னலில் நின்றால் 'இது எந்த ஊர் வண்டி' என்று யாராவது கேட்காத நாளில்லை என்கிறார். அதில் அவருக்குப் பெருமைதான் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஹோசூர் எஞ்சினியர், மேட்டில் வண்டியே தன்னை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று சொன்னதில்லை. விற்கப்போவதாக ஒருவரும் எழுதவில்லை. இரண்டு பேர் மட்டும், ஓட்டும்போதே சீட் கம்பி மெல்ல உள்ளே இறங்குகிறது என்கிறார்கள்.

மூன்றாவது. ஜனவரி 18, சனிக்கிழமை மாலை 5.40க்கு உங்கள் வீட்டில் நான் செய்ததை நோட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தெழுதுகிறேன்: 'முழங்கால் வலி என்றதால் சீட் எட்டு மில்லிமீட்டர் தாழ்த்தப்பட்டது. கம்பி கழற்றி இரண்டு முறை துடைக்கப்பட்டது. அளவு காட்டும் ரெஞ்சால் கிளாம்ப் 5க்கு முறுக்கப்பட்டது.' கம்பியைக் கவ்வும் அந்தக் கிளாம்பின் மேல் அச்சிட்டிருப்பதும் 5 தான். மறுநாள் ஹொஸ்கோட்டே சாலையில் சீட் ஒரேயடியாக இறங்கி, உங்கள் கால் தடுமாறி, நீங்கள் விழுந்து மணிக்கட்டு பிசகியது. இளநீர்க் கடை முன்னால் அத்தனை பேர் எதிரில், "பேனா புடிச்ச கையில ரெஞ்ச குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். அதன்படி என் மேல் தவறில்லை. உங்கள் மேலும் இல்லை. ஒன்பதில் இரண்டு பேருக்கு இதே கதை. ஆகவே கம்பியைக் கம்பெனிக்காரர்கள் ஒரு நூல் மெல்லிசாகச் செய்துவிட்டார்கள் என்பது என் முடிவு.

நான்காவது. விழுந்த பிறகு நீங்கள் சீட்டை மேலே இழுத்து, அலன் கீயில் அரை இன்ச் பைப்பைச் செருகிப் பலம் கொண்டமட்டும் இறுக்கியதாகக் கோமளம் சொன்னாள். அதே வண்டியில்தான் ஞாயிறன்று மாப்பிள்ளை ஆபீஸ்காரர்களோடு நந்தி மலைக்குப் போகிறார் என்றும் சொன்னாள். அந்தக் கம்பி இரும்பில்லை, கார்பன். இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும். கார்பன் காட்டாது என்று ஹோசூர்க்காரர் எழுதியிருக்கிறார். மலை இறக்கத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. கம்பியைக் கழற்றி, துடைத்து, மேலிருந்து கீழ்வரை பஞ்சால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் நார் பஞ்சைப் பிடிக்கும். இவ்வளவுதான் நான் கேட்பது.

தங்கள்
சுந்தரமூர்த்தி

*

ஈஜிபுரா
12 பிப்ரவரி, புதன்

சம்பந்தி,

உங்கள் கடிதம் கொள்ளுத் துவையல் டப்பாவுக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க எண்ணெய். யாமினி பார்த்துவிட்டு, "மாமா, அப்பா என்ன எழுதியிருக்காரு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, துவையல் பக்குவம்" என்றேன். "அப்பாவா? அவருக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாதே" என்று சிரித்தாள். உங்களால் நான் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உங்களைப் போல் நம்பர் போட்டு எழுத எனக்கு வராது. நினைத்ததைச் சொல்கிறேன்.

பஞ்சு விட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள். யாருக்குச் சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜின் ரோப்பை எட்டு வருஷம் பார்த்தவன் நான். காலையில் ஷிப்ட் இறங்குவதற்கு முன்னால், ரோப்பை மெல்ல ஓடவிட்டு, கை நிறைய வேஸ்ட் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு இழை விட்டிருந்தாலும் பஞ்சைக் கவ்வும். அது தெரிந்த பிறகுதான் ஆட்கள் ஏறுவார்கள். நீங்களும் அந்தக் கேஜில்தான் இறங்கியிருக்கிறீர்கள். என் தொழிலை எனக்கே கடிதத்தில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

ஒன்பது பேர் எழுதினார்களாம். பத்தாவதாக என் மணிக்கட்டையும் கேட்டிருக்கலாம், அதுவும் சொல்லியிருக்கும். கம்பெனி குற்றம் என்றால் உங்கள் வண்டியில் ஏன் இறங்கவில்லை? அதே கம்பெனி, அதே கம்பி. என்னுடையதில் மட்டும், அதுவும் நீங்கள் கை வைத்த மறுநாள் இறங்கியது. எனக்குக் கணக்கு வராது, ஆனால் இந்த அளவுக்கு வரும்.

நான் இறுக்கியது அசையாது. என்னைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்வரை அசையாது. கிஷோர் போகட்டும், வரட்டும்.

சம்பந்தி அம்மாவைத் தபால்காரி ஆக்காதீர்கள். சொல்ல வேண்டியது இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.

ஜெயராமன்

*

மர்பி டவுன்
13 பிப்ரவரி, வியாழன்

சம்பந்தி அவர்களுக்கு,

இந்த முறை எண் போடவில்லை. போட்டால் நான்கு என்று வரும், உங்களுக்கு எரிச்சல் வரும்.

என் வண்டியில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டீர்கள். நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஒருவேளை ரெஞ்ச் 5 காட்டும்போது நான் 4ஐப் பார்த்தேனோ என்னவோ. கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணுக்குத்தான் ஆகியிருக்கிறது. என் கை நடுங்கியிருக்கலாம். அன்று நடந்தது முழுக்க என் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லுங்கள், இளநீர்க் கடையிலேயே சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரோப் பார்த்த அந்த எட்டு வருஷத்தில், மேலதிகாரி யாராவது உங்களைத் திட்டிய மறுநாள், அவர் மேல் கோபத்தில், பஞ்சைக் கையில் எடுக்காமல் ஆட்களை ஏற்றி அனுப்பியதுண்டா? இருக்காது. உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் அந்தக் கேஜில் இறங்கினார்கள், மேலே வந்தார்கள். நானும்தான். உங்கள் பெயர் கூடத் தெரியாத நாட்களில், கேஜ் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கும்போதெல்லாம், 'காலையில் யாரோ பார்த்திருப்பார்கள்' என்று சொல்லிக்கொள்வேன். அந்த யாரோ நீங்கள்தான் என்று நேற்றுதான் தெரிந்தது.

கம்பி நன்றாக இருந்தால் என்னை ஆயுசுக்கும் கேலி செய்யுங்கள். சுந்தரமூர்த்திக்கு பயம் புடிச்சிருக்கு என்று ஊரெல்லாம் சொல்லுங்கள். எனக்கு அதுவே நிம்மதி.

நேரில் வரச் சொன்னீர்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். அதற்குள் நீங்கள் பார்த்திருக்காவிட்டால், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, நீங்கள் இருக்கும்போதே, உங்கள் ஹாலில் நின்று எல்லாவற்றையும் சொல்வேன். யாமினி காதில் விழுந்தாலும் சரி. நான் இதுவரை யாரையும் இப்படி மிரட்டியதில்லை. எழுதும்போதே வியர்க்கிறது.

சுந்தரமூர்த்தி

*

ஈஜிபுரா
14 பிப்ரவரி, வெள்ளி

சம்பந்தி,

நாளைக்கு நீங்கள் வர வேண்டாம். நானே வருகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கேள்வி கேட்டீர்களே, அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இன்று விடியற்காலையிலேயே வண்டியை பால்கனிக்கு எடுத்துப் போனேன். கிளாம்ப் போல்ட் லேசில் வரவில்லை. நான் இறுக்கியதாயிற்றே. கம்பியை வெளியே எடுத்தால் முழுக்க கிரீஸ். துடைக்கவே பாதி வேட்டி ஆயிற்று. சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, பூஜை அலமாரியிலிருந்து திரிப் பஞ்சை எடுத்துத் தடவினேன். முதல் தடவை ஒன்றுமில்லை. "ஏமாந்தீரா சர்வே ஐயா" என்று வாய்விட்டே சொன்னேன். அதற்குள் யாமினி வந்து நின்று, "மாமா, சீட்டை ஏன் கழட்டிட்டீங்க? யாரு கூட பேசறீங்க?" என்றாள். "உங்கப்பா கூடம்மா" என்றேன்.

மனசு கேட்கவில்லை. ரோப்புக்கு இரண்டு தடவை பார்ப்பது வழக்கம், இரண்டாவது தடவை எதிர்ப்பக்கமாக. கீழிருந்து மேலே மெதுவாகத் தடவினேன். கிளாம்ப் கடித்த இடத்தில் பஞ்சு நின்றது. கையை எடுத்தேன். பஞ்சு விழவில்லை. அங்கேயே ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு கோடு, கம்பியைப் பாதிக்கு மேல் சுற்றி ஓடுகிறது. அப்படியே பால்கனி தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் ஏறி, மணி அடித்து, கேஜ் கிளம்புகிற நேரத்தில் ரோப் அறுந்திருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆனால் கிளம்பவில்லை சம்பந்தி. அதை நினைத்து நினைத்து மூச்சு விட்டேன். யாமினி பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். "வெயிலும்மா" என்றேன். அப்போது மணி ஏழு கூட ஆகவில்லை.

பத்து மணிக்குக் காக்ஸ் டவுனில் ரயான் கடைக்குக் கொண்டுபோனேன். உங்கள் வண்டியைப் பூட்டிக் கொடுத்த அதே பையன். கம்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், இன்னும் ஒரே ஒரு ஹம்ப் போதும். இது ரெண்டா போயிருக்கும்."

"கம்பெனி மோசமாப்பா?"

"கம்பெனிய விடுங்க. கார்பனுக்கு கிரீஸ் போடவே கூடாது. வழுக்கும். வழுக்குதுன்னு இறுக்குவீங்க, இறுக்கினா வெட்டும். இதுக்குன்னு மணல் மாதிரி நெறநெறன்னு ஒரு பேஸ்ட் இருக்கு. யாரு கிரீஸ் போட்டது?"

"நான்தான்" என்றேன். வேறு யார்? வண்டி வீட்டுக்கு வந்த அன்று எதற்கெல்லாம் கிரீஸ் போட்டேனோ, நினைவில்லை. இரும்பைத் தவிர வேறு எதையும் பழகாத புத்தி. ஆக, சீட் இறங்கியதும் என்னால்தான், விரிசல் விட்டதும் என்னால்தான். அத்தனை பேர் எதிரில் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கிஷோர் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உங்கள் வண்டியைக் கொடுக்க முடியுமா? அதைக் கேட்கத்தான் நாளைக்கு நேரில் வருகிறேன். மன்னிப்பும் நேரில் கேட்கிறேன், கடிதத்தில் கேட்டால் கணக்கில் வராது.

ஜெயராமன்

*

மர்பி டவுன்
17 பிப்ரவரி, திங்கள்

அன்புள்ள சம்பந்தி,

நேற்று மாப்பிள்ளை வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது மணி பதினொன்றரை. ஐந்து மணியிலிருந்தே நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கோமளம் பொறுக்க முடியாமல், "நீங்க நடந்த நடைக்கு நீங்களே நந்தி மலைக்குப் போய்ட்டு வந்திருக்கலாம்" என்றாள். மாப்பிள்ளை வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, "இறக்கத்துல சூப்பரா நின்னுச்சு மாமா" என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பசித்தது. மலை உச்சியில் மூன்று பேர், "யாவ கம்பெனி சார் இது?" என்று கன்னடத்தில் கம்பெனிப் பெயரைக் கேட்டார்களாம். மாப்பிள்ளை ஏழு தோசை சாப்பிட்டார். நான் நான்கு. சாப்பிட்டு முடித்ததும் நான்கு வாரமாக நெஞ்சில் இருந்த கனம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெகு நாளுக்குப் பிறகு பகலில் தூங்கினேன்.

ஆனால் எழுந்ததும் வேறொன்று உறுத்தியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். கோமளமும் பக்கத்து வீட்டு டென்சிலும் இருக்கும்போதே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுது சம்பந்தி, கிரீஸ் போட்டது நான், பழி போட்டது உங்க மேல" என்றீர்கள். டென்சில் கை தட்டி, "இதாம்பா பெரிய மனுஷன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லைங்க" என்றேன். பரவாயில்லையாம்! அறுபத்தொன்பது வயதில் நான் சொன்ன பொய்களில் அதைவிடக் கேவலமானது இருக்காது.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை உங்கள் கடிதத்தில் கிரீஸ் என்ற சொல்லைப் படித்த உடனேயே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஜனவரி 18 அன்று மாலை, கம்பியைக் கழற்றித் துடைத்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அப்போது கம்பி காய்ந்து, சுத்தமாக இருந்தது. அதில் கிரீஸ் ஒரு பொட்டு கூட இல்லை. நீங்கள் போன் பேசப் பால்கனிக்குப் போயிருந்தீர்கள். ஜன்னல் ஓரத்தில் உங்கள் கிரீஸ் டப்பா இருந்தது. 'கிரீஸ் இல்லாம எதையும் எதுக்குள்ளயும் விடக்கூடாது' என்று நீங்கள் சொல்லி நூறு முறை கேட்டிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால், 'அட, சர்வே ஐயாவுக்கும் கைவேலை தெரியுதே' என்பீர்கள் என்று ஒரு ஆசை. இரண்டு விரலில் எடுத்து, கம்பி முழுக்கத் தாராளமாகப் பூசினேன். நீங்கள் வருவதற்குள் கம்பி உள்ளே போய்விட்டது. பூசியது வெளியே தெரியவில்லை. நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

நோட்டில் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். நான் அளவுகளை மட்டும்தான் எழுதுவேன். கிரீஸுக்கு அளவில்லை. பிறகு அதே நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் இல்லாதது நடக்கவேயில்லை என்று நம்பிவிட்டேன். பொய் சொல்ல நினைத்து அந்த முதல் கடிதத்தை எழுதவில்லை என்பதை மட்டும் நம்புங்கள். சனிக்கிழமை சும்மா நின்றது வேறு. அது தெரிந்தே செய்தது.

பதின்மூன்று மாதம் இறங்காத சீட், நான் பூசிய மறுநாள் இறங்கியது. நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். என் வண்டியை ரயான் பேஸ்ட் போட்டுப் பூட்டியிருக்கிறார், நான் அதில் கை வைக்கவில்லை, அதனால் அது இறங்கவில்லை. சீட் இறங்குகிறது என்று எழுதிய அந்த இரண்டு பேரிடமும் நேற்று மாலை ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன். ஒருவர் உடனே பதில் போட்டார்: 'ஆமாம் சார், நானேதான் கிரீஸ் போட்டேன், ஏன்?' மற்றவர் பதிலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பதினான்கு பேருக்கும் திருத்தம் எழுத வேண்டும். இதை முடித்ததும் உட்காருகிறேன்.

டென்சிலிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "அப்போ யாருக்குத்தான்யா நான் கை தட்டினேன்?" என்று சிரித்தார். கோமளத்திடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவர் கிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பாட்டுப் பை தயாராக இருக்கிறது, இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல் கடிதத்தில் நான் எழுதிய மூன்றாவது விஷயம் தவறு. உங்கள் குற்றமல்ல என்ற பாதி மட்டும் சரி. கம்பெனியின் குற்றமும் அல்ல. கிரீஸ் போட்டது நான்.

சுந்தரமூர்த்தி